பதிவறைப் பணியாளர்களுக்கு ஆவண மின்னுருவாக்கப் பயிற்சி அளிப்பது எப்படி

ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ காகித ஆவணங்களைப் படமெடுத்துக் கணினியில் சேர்க்கும் மின்னுருவாக்கப் பணி தொடங்கும்போது முதலில் வந்து இறங்குவது பெரும்பாலும் ஸ்கேனர்தான். இயந்திரத்தைப் பொருத்தியவர் அரை நாள் இருந்து எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று காட்டிவிட்டுப் போகிறார். அதையே பயிற்சி என்று கணக்கில் எழுதிக்கொள்கிறோம். சில மாதங்கள் கழித்து வட்டில் லட்சக்கணக்கான படங்கள் சேர்ந்திருக்கும். ஆனால் எந்தப் படம் எந்தக் கோப்பைச் சேர்ந்தது, அந்தக் கோப்பு எந்தக் கோப்புக்கட்டில் இருந்தது, இடையில் விடுபட்ட தாள் எது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளிருக்காது. பதிவறைப் பணியாளர்களுக்குப் பயிற்சி நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கட்டும் கோப்பும் தாளும் இருந்த ஒழுங்கு ஆவணத்தின் ஒரு பாதி. அந்த ஒழுங்கைக் காக்கக் கற்றுக்கொடுத்த பிறகே இயந்திரத்தின் அருகில் யாரையும் அழைத்துச் செல்ல வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கருத்தை ஒட்டியதுதான்.

யார் வர வேண்டும், எத்தனை நாள்

ஐந்து முழு நாட்கள் ஒதுக்குங்கள். பதிவறை எழுத்தர், கோப்புகளை முடித்துப் பதிவறைக்கு அனுப்பும் பிரிவு உதவியாளர்கள், ஸ்கேன் செய்யப்போகும் ஒப்பந்தப் பணியாளர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும். பதிவறை எழுத்தருக்கு எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்பது கைப்பழக்கமாகத் தெரியும், கணினி தெரியாது. ஒப்பந்தப் பணியாளருக்குக் கணினி தெரியும். நில உரிமை விவரம் கொண்ட ‘அ’ பதிவேடு என்றால் என்ன, சாகுபடி விவரம் கொண்ட அடங்கல் என்றால் என்ன, எதில் ஓர் எழுத்து மாறினாலும் ஒரு குடும்பத்தின் நிலமே தகராறுக்குள்ளாகும் என்பது தெரியாது. இருவரையும் தனித்தனி நாளில் பயிற்றுவித்தால் ஒருவர் அறிந்தது மற்றவருக்குப் போய்ச் சேராது. கையால் செய்து பழகும் பயிற்சி என்பதால் ஒரு வகுப்பில் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம்.

ஐந்து நாட்களில் முதல் இரண்டு நாட்கள் ஒழுங்குபடுத்தலுக்கும் பட்டியலுக்கும், மூன்றாம் நாள் காகிதத்தைக் கையாளுவதற்கும், நான்காம் நாள் படமெடுப்பதற்கும், ஐந்தாம் நாள் சரிபார்ப்பு, சேமிப்பு ஆகியவற்றுக்கும் என்று பிரித்துக்கொள்ளலாம். நீண்ட காலப் படிப்பு வேண்டுவோருக்குப் புதுதில்லியில் இந்திய தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஆவணவியல் கல்விப் பள்ளி இருக்கிறது. அங்கே ஓராண்டுப் பட்டயப் படிப்போடு, ஆவண மேலாண்மை, பழுதுநீக்கம், நகலெடுப்பியல் போன்ற குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்புகளும் உண்டு. ஆயினும், ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்தும் ஒருவரை தில்லிக்கு அனுப்ப முடியாது என்பதால், உள்ளூரிலேயே நடத்தும் இந்த ஐந்து நாள் பயிற்சிதான் பெரும்பாலோருக்குக் கிடைக்கக்கூடியது. அதைச் சரியாக நடத்த வேண்டியது நம் கடமை.

பயிற்சிக்கு எந்தத் தாள்களைக் கொடுப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பழக்கமில்லாத கைகளில் நிரந்தர ஆவணங்களைக் கொடுக்கவே கூடாது. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து, அழிப்பதற்கான உத்தரவு பெற்றுக் காத்திருக்கும் ஓராண்டு முடிவுக் கோப்புகள் இதற்கு மிகவும் பொருத்தமானவை. உண்மையான குண்டூசி, உண்மையான தூசி, உண்மையான கிழிசல் எல்லாம் அவற்றில் இருக்கும்; தவறு நேர்ந்தாலும் யாருக்கும் இழப்பில்லை. அழிக்கும் வரை அவையும் அலுவலகத்தின் பொறுப்பில் உள்ளவையே என்பதால், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

எதை மின்னுருவாக்குவது

தமிழ்நாட்டு அலுவலகங்களில் ஒரு கோப்பை முடிக்கும்போதே அதன் ஆயுளையும் முடிவு செய்துவிடுகிறோம். ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம். பதிவறையில் இருக்கும் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிடலாம் என்று இறங்குகிறவர்கள், நேற்றே அழித்திருக்க வேண்டிய விடுப்பு விண்ணப்பங்களுக்கும் நூறாண்டுப் பழமையான நில அளவைப் பதிவேட்டுக்கும் ஒரே உழைப்பைச் செலவிடுகிறார்கள். ஆகவே முதல் நாள் காலையில் செய்ய வேண்டிய பயிற்சி இது: ஐம்பது கோப்புகளை மேசையில் வைத்து, ஒவ்வொன்றின் முடிவுக் குறியீட்டையும் ஆண்டையும் பார்த்து, வைக்க வேண்டியவை, காலம் கடந்தவை, குறியீடே இல்லாதவை என்று பிரிக்கச் சொல்லுங்கள். குறியீடு இல்லாதவையும், ப.மு. என்று முடித்திருந்தாலும் உள்ளே நில உரிமை, நீர்நிலை, பாதை உரிமை பற்றிய உத்தரவு உள்ளவையும் தனியே எடுத்து வைக்கப்பட வேண்டும். அவற்றை என்ன செய்வது என்பதை அலுவலகத் தலைவர்தான் முடிவு செய்வார். எழுத்தரோ ஒப்பந்தப் பணியாளரோ அல்லர்.

பயிற்சி பெறுவோர் இந்தப் பணிக்குப் பின்னால் இருக்கும் சட்டங்களையும் அறிந்திருக்க வேண்டும். மத்திய அரசு அலுவலகங்களுக்கும் புதுச்சேரி போன்ற ஒன்றியப் பகுதிகளுக்கும் 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டமும் 1997-ஆம் ஆண்டின் விதிகளும் பொருந்தும். விதிகளுக்குப் புறம்பாக ஆவணத்தை அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அச்சட்டம் சொல்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 4(1)(அ) பிரிவோ, எல்லாப் பொது அதிகார அமைப்புகளும் தங்கள் ஆவணங்களை வகைப்படுத்திப் பட்டியலிட்டு வைக்க வேண்டும் என்றும், கணினிமயமாக்கத் தக்கவற்றை உரிய காலத்தில் கணினிமயமாக்க வேண்டும் என்றும் கடமையாக்கியிருக்கிறது. அந்தப் பிரிவில் பட்டியலும் கணினியும் ஒருங்கே சொல்லப்பட்டிருப்பதை வகுப்பில் எடுத்துக்காட்டுங்கள்.

ஒழுங்கும் பட்டியலும்

அலமாரியிலிருந்து ஒரு கட்டை இறக்கும் முன் அது இருந்த இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்: அறை, அலமாரி, தட்டு, இடமிருந்து எத்தனையாவது. கட்டை அவிழ்க்கும் முன் மேலட்டையையும் கட்டின் முதுகையும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் பின்னால் வரும் ஐயங்கள் பாதி தீரும். ஒரு கட்டை ஒருவர்தான் அவிழ்க்க வேண்டும். அவரே திரும்பக் கட்ட வேண்டும். இரண்டு கட்டுகள் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. மற்றவற்றில் சற்று நெகிழ்ந்து கொடுத்தாலும் கடைசி விதியை மட்டும் தளர்த்தாதீர்கள்.

கட்டினுள் கோப்புகள் ஒழுங்கற்று இருப்பதாகத் தோன்றினாலும் புதுப்பணியாளர் அதைத் தம் விருப்பப்படி அடுக்கக் கூடாது. பொருள்வாரியாகவோ அகர வரிசையிலோ மாற்றி அடுக்கினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் எந்த அலுவலகம், எந்தப் பிரிவு, எந்த வரிசையில் அந்தக் கோப்புகளை உருவாக்கியது என்ற செய்தி அழிந்துபோகும். ஓர் உத்தரவு முன்னதா, அதை எதிர்த்த மனு முன்னதா என்பதே வழக்கின் உயிராக இருக்கும் நேரங்கள் உண்டு. கோப்புக்கு அலுவலகம் இட்ட ந.க. எண்ணின் வரிசைதான் அடிப்படை. பிரிவு உதவியாளர் தாம் பெற்ற தாள்களைப் பதிந்துவைக்கும் தன்பதிவேட்டோடு ஒப்பிட்டு, விடுபட்ட எண்களை ‘இல்லை’ என்று பட்டியலில் எழுத வேண்டும். கிடைக்காத கோப்புக்கும் பட்டியலில் ஒரு வரி இருக்க வேண்டும் என்பது பலருக்குப் புதிதாக இருக்கும். அந்த வரி இல்லையென்றால், கோப்பு முன்பே காணாமற்போனதா, ஸ்கேன் செய்தபோது தொலைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்து பக்க எண். கோப்பின் குறிப்புப் பகுதிக்குத் தனியாகவும் கடிதப் பகுதிக்குத் தனியாகவும் எண் இட்டிருப்பார்கள். பழைய எண்ணை அடிக்கவோ அழிக்கவோ கூடாது. எண் இல்லாத தாள்களுக்கு மட்டும், மென்மையான பென்சிலால், எழுத்து இல்லாத மேல் வலது மூலையில் எண் இட வேண்டும். இடையில் எண் இல்லாத தாள் வந்தால் 12-க்கும் 13-க்கும் நடுவே 12அ என்று இடலாம். தாளின் பின்புறத்தில் ஒரே ஒரு முத்திரை மட்டும் இருந்தாலும் அதுவும் ஒரு பக்கம்தான்.

பட்டியலில் கோப்பு ஒவ்வொன்றுக்கும் உருவாக்கிய அலுவலகம், இப்போதைய வட்டம், கோப்பு எண், பொருள், தொடக்க நாள், முடிந்த நாள், முடிவுக் குறியீடு, பக்கங்களின் எண்ணிக்கை, காகிதத்தின் நிலை, அலமாரியில் உள்ள இடம் ஆகிய பத்து விவரங்கள் போதும். இருபது, முப்பது விவரங்கள் கேட்கும் படிவங்களைத் தயாரித்தால் அவற்றில் பாதி வெற்றாகவே கிடக்கும் அல்லது ஊகத்தால் நிரப்பப்படும். ஊகத்தால் நிரப்பிய விவரத்தைவிட வெற்றிடம் மேல்.

பழைய தாளைப் படிக்கும் பயிற்சி

இரண்டாம் நாள் பிற்பகலை முழுதாக இதற்கு ஒதுக்குங்கள். படிக்கத் தெரியாத ஆவணத்தைப் பட்டியலிட முடியாது. ஆனால் பெரும்பாலான பயிற்சித் திட்டங்களில் இது இடம்பெறுவதே இல்லை.

முதலாவது, ஆண்டு. வருவாய்த் துறைப் பதிவேடுகளில் பசலி ஆண்டே இருக்கும். பசலி ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1362 என்பது 1952 ஜூலை முதல் 1953 ஜூன் வரை. பட்டியலில் பசலி 1362 என்று உள்ளவாறே எழுதிவிட்டு, பக்கத்துப் பத்தியில் 1952–1953 என்று தர வேண்டும். 1952 என்று மட்டும் எழுதினால், 1953 மார்ச்சில் நடந்த ஒன்றைத் தேடி வருபவருக்கு அந்தப் பதிவேடு கிடைக்காது.

இரண்டாவது, இடம். இன்றைய மாவட்டப் பெயரைப் பழைய ஆவணத்தின் மீது ஏற்றுவது அடிக்கடி நிகழும் பிழை. தென்காசி 2019-இல் தனி மாவட்டமானது. 1970-ஆம் ஆண்டுத் தென்காசிக் கோப்பை உருவாக்கியது திருநெல்வேலி மாவட்ட நிர்வாகம். செங்கோட்டையை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் கடினம். 1956 நவம்பர் 1-க்கு முன் அது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. குமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் அப்படியே. அங்கிருந்து வந்த பழைய தாள்களில் பசலிக்குப் பதிலாகக் கொல்லம் ஆண்டு இருக்கும். கொல்லம் 1125 என்பது 1949–1950. ஆதலால் பட்டியலில் ‘உருவாக்கிய அலுவலகம்’ என்ற இடத்தில் அன்றைய பெயரும், ‘இப்போதைய வட்டம்’ என்ற இடத்தில் இன்றைய பெயரும் வர வேண்டும். இரண்டையும் ஒரே கட்டத்தில் திணிக்கக் கூடாது.

மூன்றாவது, எழுத்தும் எண்ணும். பழைய கணக்குகளில் தமிழ் எண்களே இருக்கும். ௰௨ என்றால் பன்னிரண்டு, ௨௰ என்றால் இருபது, ௨௱௩௰௫ என்றால் இருநூற்று முப்பத்தைந்து. இதை அறியாதவர் முதலாவதை 102 என்று பதிந்துவிட வாய்ப்புண்டு. தாளின் தலைப்பில் இட்டிருக்கும் பிள்ளையார் சுழியைப் பக்க எண் இரண்டு என்று எடுத்துக்கொள்வதும் நடக்கக்கூடியதே. ௳, ௴, ௵ ஆகிய நாள், மாத, வருடக் குறிகளை ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொருவர் மேசையிலும் ஒட்டிவையுங்கள். காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகளுக்கு 2019-இல்தான் யூனிகோடில் இடம் கிடைத்தது. பல கணினிகளில் அவற்றைக் காட்டும் எழுத்துரு இல்லை. எனவே அவற்றைச் சொல்லில் எழுதிப் பதிவதே நல்லது. 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தாள்களில் ணை, லை, னை, ணா, றா, னா முதலியவை பழைய வடிவில் இருக்கும். இளம் பணியாளர்கள் அவற்றில் தடுமாறுவார்கள். நாலைந்து பக்கங்களை உரக்கப் படிக்கவைத்தால் ஒரு மணி நேரத்தில் கண் பழகிவிடும்.

நில ஆவணங்களைப் புதுப்பித்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979 முதல் 1987 வரை நடந்தது. அதற்கு முந்தைய பதிவேடுகளில் உள்ள புல எண்ணும் பிந்தைய எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஏக்கர், சென்ட் என்று இருக்கும் பரப்பை ஹெக்டேராக மாற்றிப் பட்டியலில் எழுதவும் கூடாது. மாற்றும் பணி வருவாய்த் துறையினுடையது. தாளில் உள்ளதை உள்ளவாறு காட்டுவதே நம்முடையது.

காகிதத்தைக் கையாளுதல்

மூன்றாம் நாளுக்கு வேண்டிய பொருட்கள் எளியவை: மென்மையான தூரிகைகள், பருத்தித் துணி, முகக்கவசம், மழுங்கிய முனையுள்ள தட்டையான உலோகக் கரண்டி, மெல்லிய பாலியெஸ்டர் தாள்கள், அமிலமற்ற அட்டை, வெள்ளைப் பருத்தி நாடா. எச்சில் தொட்டுப் பக்கம் திருப்பும் பழக்கத்தை முதல் ஐந்து நிமிடத்திலேயே நிறுத்துங்கள். கைகளைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொண்டாலே போதும். நொறுங்கும் தாளைப் பருத்திக் கையுறையோடு எடுத்தால் விரலுக்கு உணர்வு குறைந்து கிழிசல் அதிகமாகும்.

துருப்பிடித்த குண்டூசியை எடுப்பதை ஒவ்வொருவரும் தனித்தனியே செய்து காட்ட வேண்டும். தாள் மேசையில் முழுதும் படிந்திருக்கட்டும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே, மேலும் கீழும், விரற்கடை அகலமுள்ள பாலியெஸ்டர் துண்டைச் செருகுங்கள். துரு தாளோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் ஊசியை இழுத்தால் அது காகிதத்தையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். ஆகவே முதலில் கரண்டியின் முனையால் ஊசியைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பிடியைத் தளர்த்த வேண்டும். அது தானாக நகரத் தொடங்கிய பிறகு, குத்திய வழியிலேயே வெளியே எடுக்க வேண்டும். ஸ்டேப்பிளாக இருந்தால் தாளைத் திருப்பி, பின்புறத்தில் மடங்கிய இரு கால்களையும் நிமிர்த்திய பிறகு முன்புறத்திலிருந்து எடுக்க வேண்டும். நகம் போன்ற ஸ்டேப்பிள் பிடுங்கியைப் பதிவறைக்குள்ளேயே அனுமதிக்காதீர்கள். எடுத்த இடத்தில் மறுபடி உலோகம் வேண்டாம். பருத்தி நாடாவோ அமிலமற்ற மடிப்புத் தாளோ போதும்.

செல்லரித்த தாளும் பூஞ்சை பிடித்த தாளும் வந்தால் ஸ்கேன் மேசைக்கு அனுப்பாமல் தனி உறையிலிட்டு, பட்டியலில் குறித்து, காப்புப் பணி தெரிந்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். செலோ டேப் ஒட்டுவது, பூச்சிமருந்தைத் தாளின் மேல் தெளிப்பது, வெயிலில் காயவைப்பது மூன்றும் தடை. அறையின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் குளிர்சாதனத்தைப் பகலில் ஓட்டி இரவில் நிறுத்துவதால் ஈரப்பதம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அப்படி ஓட்டுவதைவிட, காற்றோட்டமுள்ள அறையில் அலமாரிகளைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளிவைத்து, தரையிலிருந்து அரை அடி உயர்த்துவது அதிகப் பயன் தரும். 2015-இல் சென்னையிலும் 2023 டிசம்பரில் தென்மாவட்டங்களிலும் வெள்ளம் புகுந்ததை நினைத்தால், கீழ்த்தட்டைக் காலியாக வைப்பதன் தேவை தானே விளங்கும். நனைந்த தாளில் இரண்டு நாட்களுக்குள் பூஞ்சை தொடங்கிவிடும் என்பதால், பழைய செய்தித்தாள்களை நனைத்து, மை உறிஞ்சும் தாளை இடையிட்டு உலர்த்தும் பயிற்சியை அன்று மாலை நடத்துங்கள்.

படமெடுத்தல்

இதற்கு ஒரு நாள் தாராளம். முதல் இரண்டு நாட்களின் வேலை ஒழுங்காக நடந்திருந்தால் இங்கே முடிவு செய்ய வேண்டியவை சிலவே.

தானே தாளை இழுத்துக்கொள்ளும் ஃபீடர் உள்ள ஸ்கேனரை அண்மைக் காலத்து உறுதியான ஏ4 தாள்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பழைய கோப்புகளில் பெரும்பாலானவை ஃபுல்ஸ்கேப் தாள், ஏ4-ஐவிட நீளமானவை. ஏ4 கண்ணாடியில் வைத்தால் கடைசி வரிகள் வெட்டுப்பட்டுப் போகும், அங்கேதான் கையொப்பமும் நாளும் இருக்கும். ஆகவே ஏ3 கண்ணாடியோ, மேலிருந்து படமெடுக்கும் கருவியோ வேண்டும். தைத்த பதிவேடுகளை ஸ்கேன் செய்வதற்காகத் தையலைப் பிரிக்கக் கூடாது. V-வடிவத் தாங்கியில் வைத்து மேலிருந்து எடுக்க வேண்டும். நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்பட நூலையும் கிராம வரைபடத்தையும் எடுக்கும்போது அளவுகோலைப் பக்கத்தில் வைத்தே எடுக்க வேண்டும்; படத்தில் அளவு தெரியாத புலப்படம் அளவையாளருக்குப் பயன்படாது.

சாதாரணத் தாளுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, மங்கிய கையெழுத்துக்கும் சிறு எழுத்துக்கும் 400 புள்ளி, வரைபடத்துக்கு 400 முதல் 600 புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் வண்ணத்திலேயே எடுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சிவப்பு மையில் எழுதிய திருத்தமும் மூலத்தின் கறுப்பு மையும் ஒன்றாகிவிடும். யார் எதைத் திருத்தினார் என்பதைக் காட்டும் தடயம் அதோடு போய்விடும். வெற்றுப் பக்கத்தையும் எடுக்க வேண்டும், தாள் விடுபடவில்லை என்பதற்கு அதுவே சான்று. ஒவ்வொரு நாளும் முதல் படமாக, நிறம் சரியாகப் பதிகிறதா என்று ஒப்பிட உதவும் வண்ண அட்டையை எடுத்துவையுங்கள்.

மூலப் படத்தை டிஃப் (TIFF) வடிவிலோ, இழப்பில்லாத ஜேபெக்2000 வடிவிலோ வைக்க வேண்டும். பார்வைக்கான நகல், நீண்ட காலப் பாதுகாப்புக்கென வகுக்கப்பட்ட பிடிஎஃப்/ஏ வடிவில் இருக்கட்டும். வளைவைச் சரிசெய்தல், கறையை நீக்குதல், ஓரத்தை வெட்டுதல் எல்லாம் நகலில் மட்டுமே. மூலப் படத்தைத் தொடக்கூடாது. படக் கோப்பின் பெயரில் எண்களும் இணைப்புக்கோடும் தவிர வேறெதுவும் வேண்டாம்: வட்டக் குறியீடு, தொடர் எண், கோப்பு எண், பக்கம் என்ற வரிசையில் 03-014-000271-0012 என்பது போல, முன்னால் சுழியங்கள் இட்டு, எல்லாப் பெயரும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும்.

சரிபார்ப்பும் சேமிப்பும்

வெளியாட்களுக்குப் பணி கொடுக்கும்போது எடுத்த பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் பேசினால் வேகம்தான் கிடைக்கும். சரிபார்த்து ஏற்றுக்கொண்ட பக்கத்துக்கே பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு கோப்பிலும் பட்டியலில் உள்ள பக்க எண்ணிக்கையும் படங்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்பதை விடாமல் பார்க்க வேண்டும். படத்தின் தரத்தை அன்றைய வேலையில் பத்தில் ஒரு பங்கு எடுத்து, திரையில் முழு அளவில் பார்த்தால் போதும். அதில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பழுது இருந்தால் அந்த நாளின் வேலை முழுவதும் திரும்பப் பார்க்கப்பட வேண்டும். எடுத்தவரே சரிபார்க்கக் கூடாது.

இட அளவைக் கணக்கிட வகுப்பிலேயே பழக்குங்கள். 400 புள்ளியில் வண்ணத்தில் எடுத்த ஒரு ஏ4 பக்கம் சுருக்கப்படாத டிஃப்பில் ஏறத்தாழ 46 மெகாபைட். ஒரு லட்சம் பக்கத்துக்கு 4.6 டெராபைட், மூன்று பிரதி என்றால் பதினான்கு டெராபைட்டுக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கைப் போடாமல் திட்டம் தொடங்கினால் பாதி வழியில் இடம் தீர்ந்து, யாரோ ஒருவர் மூலப் படங்களை அழித்துவிட்டு நகலை மட்டும் வைத்துக்கொள்ள முடிவு செய்துவிடுவார்.

பிரதிகள் மூன்று இருக்க வேண்டும். இரு வேறு வகை ஊடகங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். மாவட்டத் தலைநகரத்தின் பிரதியை அதே கட்டடத்தின் அடுத்த மாடியில் வைப்பது வேறு ஊர் ஆகாது. ஒவ்வொரு படத்துக்கும், எடுத்த அன்றே, எஸ்ஹெச்ஏ-256 என்னும் சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டு, பட்டியலோடு சேர்த்து வைக்க வேண்டும். படத்தில் ஒரு துளி மாறினாலும் 64 எழுத்துள்ள அந்தத் தொகை முற்றிலும் வேறாகிவிடும். பயிற்சியில் இதைக் கண்ணால் காட்டுங்கள்: ஒரு படத்தின் தொகையை எழுதிக்கொண்டு, அதில் ஒரு புள்ளியை மட்டும் மாற்றிச் சேமித்து, மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். கேட்டதைவிட அது நினைவில் நிற்கும்.

இந்தத் தொகைக்கு நீதிமன்றத்திலும் வேலை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம், 2023-இன் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு தர வேண்டிய சான்றிதழின் படிவத்தில், இத்தொகையையும் எந்த முறையில் கணக்கிட்டது என்பதையும் எழுதுவதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். அதே சட்டத்தின் 92-ஆம் பிரிவு, முறையான பொறுப்பிலிருந்து வரும் முப்பது ஆண்டுப் பழமையான ஆவணத்தை மெய்யானது என்று அனுமானிக்க நீதிமன்றத்துக்கு இடமளிக்கிறது. படம் எடுத்தாயிற்றே என்று காகிதத்தை அழித்தால் அந்த அனுமானத்துக்கான அடிப்படையையே இழக்கிறோம். நிரந்தர ஆவணத்தின் மூலத் தாளை மின்னுருவாக்கத்துக்குப் பிறகும் கட்டி, பெயரிட்டு, அது முன்பிருந்த தட்டிலேயே வைக்க வேண்டும்.

பிறப்பிலேயே கணினியில் உருவான கோப்புகளையும் மறக்க வேண்டாம். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடுக்கு மாறும் முன் வானவில் முதலான எழுத்துருக்களில் தட்டச்சான கடிதங்கள் ஏராளம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, யூனிகோடுக்கு மாற்றிய ஒரு பிரதியையும் பிடிஎஃப்/ஏ பிரதியையும் சேர்த்து வைக்க வேண்டும். பழைய சிடிக்களில் இருப்பவற்றை இந்த ஆண்டே வட்டுக்கு மாற்றுங்கள். படிக்கும் கருவியே அலுவலகத்தில் அரிதாகிவருகிறது.

யார் எதைப் பார்க்கலாம் என்பதையும் ஐந்தாம் நாளில் பேசிவிட வேண்டும். பட்டியல் எல்லோருக்கும் திறந்திருக்கலாம். ஆனால் சாதிச் சான்று விசாரணை, தத்தெடுப்பு, ஆதார் எண் உள்ள மனு போன்றவற்றின் படங்கள் உரியவருக்கும் அதிகாரம் பெற்றவருக்கும் மட்டுமே தெரிய வேண்டும்.

பயிற்சிக்குப் பின்

ஐந்தாம் நாள் மாலையில் எழுத்துத் தேர்வு வைப்பதைவிட ஒரு முழுக் கட்டைக் கொடுத்து, அவிழ்ப்பது முதல் சேமிப்பது வரை மூவர் குழுவாகச் செய்யவைத்துப் பார்ப்பது மேல். அடுத்த நாளே அவர்கள் தங்கள் பதிவறையில் ஒரே ஓர் அலமாரியில் மட்டும் பணியைத் தொடங்கட்டும்; அந்த அலமாரி முடிந்து, பட்டியலும் படமும் ஒத்துப்போன பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்துப் பயிற்சியாளர் அங்கே போய் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். முதலில், வட்டிலிருந்து இருபது படங்களைத் தோராயமாக எடுத்து, ஒவ்வொன்றின் மூலத் தாளையும் அலமாரியிலிருந்து எடுத்துவரச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு, வெளியூரில் இருக்கும் மூன்றாம் பிரதியிலிருந்து ஒரு முழுத் தொடரை மீட்டெடுத்து, சரிபார்ப்புத் தொகைகளைப் பழைய பட்டியலோடு ஒப்பிட வேண்டும். இரண்டின் முடிவையும் நாளோடு பதிவறைப் பதிவேட்டில் எழுதி, பதிவறை எழுத்தரும் அலுவலகத் தலைவரும் கையொப்பமிட வேண்டும். அடுத்த ஆய்வு எந்த மாதம் என்பதையும் அதே வரியில் குறித்துவிட வேண்டும்.